டைப் சொல்லாததை டாக்ஸ்ட்ரிங் சொல்லட்டும்

"டைம்அவுட்: இன்ட். காத்திருக்கும் நேரம்."

ஃபங்ஷனைப் பற்றிக் கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கில் இப்படி ஒரு வரி இருந்தால் அழித்துவிடலாம். இன்ட் (முழு எண்) என்பதை, மதிப்பின் வகையைக் கோடில் குறிக்கும் டைப் ஹிண்ட் சொல்கிறது, நேரம் என்பதைப் பெயரே சொல்கிறது. ஃபங்ஷனை அழைப்பவர் கேட்பது வேறு: நொடியா, மில்லிநொடியா? 0 கொடுத்தால் உடனே திரும்புமா, முடிவில்லாமல் காத்திருக்குமா? பைத்தானின் டைம்.ஸ்லீப் நொடிக் கணக்கு, ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட் மில்லிநொடிக் கணக்கு. டைப் பார்த்தால் இரண்டுமே வெறும் எண்தான்.

அலகை டாக்ஸ்ட்ரிங்கில் மட்டும் எழுதினாலும் போதாது. 1999-ல் நாசா இழந்த மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டரின் இன்டர்ஃபேஸ் ஆவணத்தில் மெட்ரிக் அலகுதான் கேட்கப்பட்டிருந்தது; தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளோ பவுண்டு-விசை நொடியில் எண்களைத் தந்தது. அதனால் டைம்அவுட்_எம்எஸ் (எம்எஸ் என்றால் மில்லிநொடி) என்று பெயரிலும் அலகைச் சேர்த்துவிடுங்கள். அழைக்கும் இடத்திலேயே அது கண்ணில் படும்.

எல்லைகள் சேருமா சேராதா என்பதும் அப்படித்தான். பைத்தானில் ராண்ட்இன்ட்(1, 6) 6-ஐயும் தரும்; ரேஞ்ச்(1, 6) 5-உடன் நின்றுவிடும்.

ரிட்டர்ன் வேல்யூவில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கிடைத்தால் என்ன வரும் என்று எழுதுவார்கள், கிடைக்காவிட்டால் என்ன என்று எழுதமாட்டார்கள். பைத்தான் ஸ்ட்ரிங்கில் ஃபைண்ட் தேடியது இல்லையென்றால் -1 தரும், இண்டெக்ஸ் வேல்யூஎரர் எறியும். அந்த -1 பைத்தானில் செல்லுபடியாகும் இண்டெக்ஸ், அதாவது கடைசி எழுத்து. சரிபார்க்க மறந்தால் எரர் எதுவும் வராது. தவறான எழுத்து மட்டும் சத்தமில்லாமல் வந்து நிற்கும். ஆகவே நன் (None, 'மதிப்பு இல்லை'), காலி லிஸ்ட், -1, எக்ஸெப்ஷன் ஆகியவற்றில் எது, எந்தச் சூழலில் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

அடுத்தது, பொருள் யாருடையது என்ற கேள்வி. சி மொழியில் ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் எஸ்டிஆர்டப், சூழல் மாறியைப் படிக்கும் கெட்என்வ் இரண்டும் தருவது சார் பாயின்டர்தான், அதாவது எழுத்துகள் இருக்கும் நினைவக முகவரி. முன்னது தந்ததை அழைத்தவர் ஃப்ரீ செய்ய (நினைவகத்தை விடுவிக்க) வேண்டும், பின்னது தந்ததை ஃப்ரீ செய்யவோ மாற்றவோ கூடாது. டைப்பில் இந்த வேறுபாடு தெரியாது. பைத்தானிலும் கொடுத்த லிஸ்ட்டையே மாற்றுகிறதா, புதிதாக ஒன்றைத் தருகிறதா என்று ஒரு வரி வேண்டும். லிஸ்ட்.சார்ட் அதே லிஸ்ட்டை அடுக்கிவிட்டு நன் தருகிறது. சார்ட்டட் புதிய லிஸ்ட்டைத் தருகிறது.

அழைப்பவர் எதுவும் கொடுக்காதபோது எடுத்துக்கொள்ளும் டீஃபால்ட் எண்ணை டாக்ஸ்ட்ரிங்கில் திரும்ப எழுதாதீர்கள். கோடில் 30 என்பது 60 ஆன பிறகும் டாக்ஸ்ட்ரிங்கில் 30 அப்படியே கிடக்கும். ஏன் அந்த எண் என்ற காரணத்தை எழுதுங்கள், அதற்கு ஆயுள் அதிகம். "கிடைக்காதபோது" என்பதற்கு ஓர் உதாரணத்தையும் சேர்த்து, டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள உதாரணங்களை ஓட்டிச் சரிபார்க்கும் பைத்தானின் டாக்டெஸ்ட் மாட்யூலால் ஓட்டுங்கள். நடத்தை மாறிய அன்றே டெஸ்ட் உடையும்.