அப்பாவின் வாக்கருக்கு எத்தனை சக்கரம்?

போன ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சக்கரமில்லாத நாலு கால் வாக்கரைக் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். அலுமினியம், கனமே இல்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும், அப்புறம் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், மறுபடியும் தூக்க வேண்டும். அவருக்கு 78 வயது. இரண்டு மாதத்தில் கால் கொஞ்சம் தேறியது, ஆனால் தோள்பட்டை வலி வந்துவிட்டது.

சக்கரம் வைத்ததாக வாங்கிவிடலாம் என்று அவசரப்பட்டது நான்தான். நாலு சக்கரம், பிரேக், உட்கார சீட், கூடை எல்லாம் வைத்த ரோலேட்டர் ஒன்றை ஆன்லைனில் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. வந்த அன்றே அப்பா ஹாலில் அதைப் பிடித்துக்கொண்டு, பழைய வாக்கரில் செய்கிற மாதிரியே உடம்புப் பாரத்தை அதன்மேல் போட்டார். வண்டி சர்ரென்று முன்னால் ஓடியது. அம்மா பக்கத்திலேயே நின்றதால் இடுப்பைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அப்பா 34 வருடம் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "சக்கரம்னா உருளத்தாம்மா செய்யும். எது அதை நிறுத்துதுன்னு மொதல்ல பாக்கணும்."

பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். இரண்டு கால்களும் உடம்பைத் தாங்கும், ஆனால் சீக்கிரம் களைத்துப்போகிறது, கொஞ்சம் பிடிமானம் இருந்தால் போதும் என்பவர்களுக்குத்தான் நாலு சக்கரம். கையை ஊன்றிக் காலின் சுமையைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அது ஆகாது. அப்பாவுக்கு அப்போது வேண்டியிருந்தது இரண்டு சக்கர வாக்கர். முன்னங்கால்களில் மட்டும் 5 அங்குலச் சக்கரம், பின்னங்கால்களில் ரப்பர் புஷ். தள்ளினால் நகரும். பாரத்தை அழுத்தினால் பின்னங்கால் தரையைப் பிடித்துக்கொள்ளும். தூக்கவும் வேண்டாம், ஓடிவிடும் என்கிற பயமும் வேண்டாம். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் உள்ளவர்கள் சிலருக்கு நடக்க நடக்க அடி குறுகி வேகம் கூடிக்கொண்டே போகுமாம். அவர்கள் சாதாரண நாலு சக்கர வண்டியைப் பிடித்தால் ஆபத்து, கேட்காமல் வாங்கவே கூடாது என்றார்.

இந்த முறை கடைக்குப் போகும் முன்பு டேப் எடுத்து வீட்டை அளந்தோம். குளியலறைக் கதவைத் திறந்தால் கிடைக்கிற இடைவெளி 23 அங்குலம். நான் வாங்கியிருந்த ரோலேட்டரின் அகலம் 25! அது அந்த வாசலுக்குள் போயிருக்கவே முடியாது. கடையில் இருந்த இரண்டு சக்கர வாக்கரும் முதலில் இடிக்கும்போல்தான் இருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரம் பூட்டிய கால் குழாயைக் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த சக்கரங்கள் சட்டத்துக்கு உட்பக்கமாக வந்துவிட்டன, அகலமும் குறைந்தது. நிறைய வாக்கர்களில் இப்படி மாற்றலாம் என்று கடைக்காரரே அப்புறம் சொன்னார்.

பிறகு சக்கரத்தைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார், பக்கவாட்டில் ஆட்டி எவ்வளவு லூஸ் என்று பார்த்தார், உயரம் மாற்றும் பொத்தான் ஓட்டையில் முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார். அவர் வேலை செய்து நான் நேரில் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

உயரம் வைப்பதிலும் நாங்கள் தப்புச் செய்திருந்தோம். வழக்கமாக நடக்கும்போது என்ன செருப்புப் போடுவாரோ அதோடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். பழைய வாக்கர் இரண்டு ஓட்டை தாழ்வாக இருந்திருக்கிறது. அவர் கூனிக்கொண்டே நடந்ததற்கு வயதுதான் காரணம் என்று நினைத்திருந்தோம்.

அந்த ரோலேட்டர் வீணாகவில்லை. பங்குனியில் கால் நன்றாக ஊன்ற ஆரம்பித்ததும் பிசியோ பெண் சரி என்று சொன்ன பிறகு தெருவுக்கு அதை எடுத்தார். 8 அங்குலச் சக்கரம், சின்னக் கல்லில் சிக்குவதில்லை. கைப்பிடியின் கீழே உள்ள லிவரை இழுத்தால் வேகம் குறையும், கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் முதலில் இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும், நம் காலின் பின்பக்கத்தில் சீட் படுகிறவரை பின்னால் நகர்ந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். தாத்தாவை உட்காரவைத்துத் தள்ளப் பார்த்த என் மகனிடம், இது வீல்சேர் இல்லை, கவிழ்ந்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த ரோலேட்டரை 1978இல் உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த அய்னா விஃபால்க் என்ற பெண், அவரே போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர் என்று ஒருநாள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அதான். நடக்கக் கஷ்டப்பட்டவங்க செஞ்சது" என்று சொல்லிக் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தார்.

வீட்டுக்குள் இன்னமும் இரண்டு சக்கரம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கவிழ்த்துப் போட்டு, அச்சில் சுற்றிக்கொண்ட அம்மாவின் தலைமுடியையும் நூலையும் பழைய பிளேடால் அறுத்து எடுக்கிறார். போன வாரம் பின்கால் புஷ் ஒரு பக்கம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. ஒன்று மட்டும் மாற்றினால் கால் ஏறி இறங்கும் என்று ஜோடியாக வாங்கிவரச் சொன்னார். வாங்கிவந்துவிட்டேன்.