அவன் கை வைக்கலேன்னா

முதலாளி கேட்டது ஒரே கேள்வி. "பில்லெல்லாம் தப்பாப் போனது பையன் கை வச்சதாலதானே?"

நான் சொன்னேன்: "அவன் கை வைக்கலேன்னா ஸ்கிரீனே திறந்திருக்காது சார்."

பாராட்டாகத்தான் சொன்னேன். பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் நம்புகிறேன்.

ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு ஃபார்ம், அதாவது ஒரு ஸ்கிரீன், என்பது இரண்டு ஃபைல். எஸ்சிஎக்ஸ், எஸ்சிடி. முதலாவது சாதாரண டேபிள். கோடிங், பொத்தான் மேல் வரும் எழுத்து எல்லாம் இரண்டாவதில் மெமோவாக, அதாவது நீளமான எழுத்தாக, கிடக்கும். தம்பு செட்டி தெரு ஆபீசிலிருந்து திருவொற்றியூர் கிளைக்கு பில் ஸ்கிரீனை மெயிலில் அனுப்பிவிட்டார்கள். எஸ்சிடி என்றால் விண்டோஸ் கணக்கில் அது ஸ்கிரிப்ட் ஃபைல். அவுட்லுக் அதை மறித்துவிடும். போய்ச் சேர்ந்தது எஸ்சிஎக்ஸ் மட்டும். திறந்தால் மெமோ ஃபைல் இல்லை என்று 41ஆம் நம்பர் எரர்.

பையன் காசிமேடு. டேட்டா என்ட்ரிக்கு வந்தவன். பழைய பேக்கப்பைத் துழாவி, அதே பெயரில் இருந்த எஸ்சிடியை எடுத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறான். "அண்ணா, ஓபன் ஆயிடுச்சிண்ணா!" என்று போன். நான் வந்து பார்க்கிறவரை பில் போடாதே என்றேன். பில் போடச் சொன்னது முதலாளி. கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் பில் நிற்கக்கூடாது.

நான் போனபோது திரையில் 'சேவை வரி' என்று இருந்தது. 2017 ஜூலை 1ஆம் தேதியே செத்துப்போன வரி. ஜிஎஸ்டி பதினெட்டு சதவீதம் வரவேண்டிய இடத்தில் 15. டேபிளில் இருப்பது மெமோ அடுத்த ஃபைலில் எத்தனையாவது பிளாக்கில் (துண்டில்) தொடங்குகிறது என்ற எண் மட்டும்தான். 0.15ஐ 0.18 ஆக்கினால் நீளம் மாறாது, பிளாக்கும் மாறாது. அதனால் புது டேபிள் பழைய மெமோவை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் படித்துவிட்டது. (வரி விகிதத்தை ஏன் கோடிங்குக்குள் எழுதினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வருவதற்கு முன்பே அப்படித்தான்.) எரரோடு நின்றிருந்தால் ஒரு பில்லும் போயிருக்காது. இப்போது போன பில்லுக்கெல்லாம் விட்டுப்போன வரியைக் கேட்டு டெபிட் நோட். இம்போர்ட்டர்கள் சும்மா விடுவார்களா?

இத்தனையும் முதலாளிக்கு விளக்கினேன். அவர் காதில் விழுந்தது 'கை வச்சான்' என்பது மட்டும். பில் போடச் சொன்னது நீங்கள்தானே என்று ஏஎம்சி (எனக்குத் தரும் வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கிற மாதத்தில் யார் சொல்வார்கள்? எஸ்சிடியை மெயில்தான் தின்றுவிட்டது என்று நிறுத்தியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் 15 சதவீதத்துக்கு மெயில் பொறுப்பில்லையே.

அடுத்த வாரமே அவனை மணலி பக்கம் சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்கு நிலையம்) வேலைக்கு மாற்றினார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வெயிலில் ஓட்டம். தண்டனை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் போல. பிறகு எண்ணூர் நெடுஞ்சாலையில் பார்த்தபோது கஸ்டம்ஸ் வேலைக்கான ஹெச் கார்டு வாங்கிவிட்டதாகச் சொன்னான், சம்பளமும் கூடியிருக்கிறதாம். "இதுவே நல்லாக்கீதுண்ணா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஸ்கிரீன் இன்னா ஆச்சுண்ணா? நான் போட்டது ராங் ஃபைலா?"

"ரைட் ஃபைல்தான்டா, பழசு" என்றேன்.

இதை அன்றைக்கு அந்த ரூமில் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. சொல்லியிருந்தாலும், முதலாளி ஃபைலைப் பற்றியா கேட்டார்?