அம்மாவின் காலும் அப்பாவின் காலும்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் காலில் ரத்தக்குழாய் நோய். அப்பாவுக்குத் தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் காலுக்கு வரும் குழாயில் அடைப்பு. அம்மாவுக்குச் சிரையில், ரத்தம் திரும்பிப் போகும் குழாயில் கோளாறு. சொந்தக்காரர்கள் இரண்டையும் சேர்த்து "கால்ல ரத்த ஓட்டம் சரியில்ல" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அம்மாவின் காலை ஆற்றிய வைத்தியம் அப்பாவின் காலைக் கெடுத்திருக்கும்.

அம்மா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தவர். காலையில் கடைக்குள் நுழைந்தால் சாப்பாட்டு நேரம் தவிர இரவு வரை நிற்க வேண்டும். காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதைதான். நடக்கும்போது அது சுருங்கி ரத்தத்தை ஏற்றிவிடும், சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும். நின்ற இடத்திலேயே நின்றால் சதைக்கு வேலை இல்லை, ரத்தம் தேங்குகிறது. வருடக்கணக்கில் அந்த அழுத்தம் தொடர்ந்தால் சிரை அகன்று வால்வு மூடாமல் போகும். பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் எடை எல்லாம் இதோடு சேர்ந்துகொள்ளும். இப்படிச் சிரை அகன்று புடைப்பதைத்தான் நரம்புச் சுருட்டல் என்பார்கள், பாட்டிக்கும் அது இருந்தது.

அம்மாவுக்கு முதலில் சாயங்காலமானால் கால் கனக்கும். அப்புறம் உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரித்தது. சொறிந்த இடம் புண்ணாகி, களிம்பு மேல் களிம்பாகப் போட்டும் மாதக்கணக்கில் ஆறவில்லை. கடைசியில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் தொடை வரை போகும் பெரிய சிரையில் ரத்தம் கீழ்நோக்கி வருவது தெரிந்தது. பாதத்திலிருந்து முழங்கால் வரை அடுக்கடுக்காக இறுக்கிக் கட்டினார்கள். வாரம் ஒருமுறை கட்டு மாற்றினார்கள். புண் மூடியது. பிறகு லேசர் மூலம் அந்தச் சிரையை உள்ளேயே அடைத்தார்கள், அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வந்தார். இன்றும் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, வீக்கம் சேர்வதற்குள், காலை இறுக்கிப் பிடிக்கும் நீள சாக்ஸான ஸ்டாக்கிங்ஸை மாட்டிக்கொள்கிறார். இரவில் காலுக்கு அடியில் தலையணை.

2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டத்தால் கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. அம்மாவின் காலுக்கு இரண்டுமே தாமதம். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் அந்தப் பிள்ளைகளை உட்கார விடுகிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அப்பா லாரிப் பட்டறையில் ஃபிட்டர். இளம் வயதிலிருந்தே பீடி, பிறகு சர்க்கரையும் வந்தது. மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். சற்று நின்றால் விட்டுவிடும், மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். வயசாயிடுச்சு என்று விட்டுவிட்டார். இது வெறும் வயதுக் கோளாறு இல்லை, தமனிக்குள் கொழுப்புப் படிந்து சுருங்கியதன் அடையாளம். பிறகு ராத்திரியில் விரல்கள் எரிந்து வலிக்க ஆரம்பித்தன. கட்டிலில் இருந்து காலைத் தொங்கப் போட்டால்தான் தூக்கம் வரும். தொங்கவிட்டால் கொஞ்சமாவது ரத்தம் இறங்கும் என்பதுதான் காரணம்.

அந்தச் சமயத்தில் வந்த அத்தை, "அண்ணே, மதினி போடுற சாக்ஸ நீங்களும் போட்டுப் பாருங்களேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நல்லவேளை, அதற்குள் ரத்தக்குழாய் டாக்டரிடம் நாள் குறித்திருந்தோம். அவர் முதலில் செய்தது பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்ததுதான். நாடி கிடைக்கவில்லை. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தார். 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. அப்பாவுக்கு 0.4. (சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாகக் கூடுதலாக வரலாம், அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.) அந்தக் காலை இறுக்கியிருந்தால், போய்க்கொண்டிருந்த கொஞ்ச ரத்தமும் நின்று தோல் செத்திருக்கும் என்றார் டாக்டர்.

ஆஞ்சியோ செய்து பலூனால் விரித்தார்கள். அடைத்த தமனியை இப்படி உள்ளிருந்தே விரிப்பது இதயத்துக்குத்தான் முதலில் வந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை, 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர், காலை வெட்டச் சம்மதிக்காத ஒரு மூதாட்டியின் கால் தமனியில்தான், பலூன் இல்லாமல் மெல்லிய குழாய்களைச் செலுத்தி, முதலில் செய்தார். ஆனால் பலூன் பாதி வேலைதான் செய்யும். பீடியை அப்பா அடியோடு விட்டார். கொழுப்புக்கு ஸ்டேட்டின், ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல், சர்க்கரை மாத்திரை எல்லாம் தினமும் உண்டு. கால் தமனியில் அடைப்பு இருந்தால் இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாய்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவற்றையும் சோதித்தார்கள்.

நடைப்பயிற்சி தனி. வலி நன்றாகத் தெரியும் வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி அரை மணி முதல் முக்கால் மணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம். வலியோடு நடந்தால் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மையில் அந்த நடைதான் தூரத்தைக் கூட்டுகிறது. புண்ணோ கறுத்த விரலோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அப்பாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கிடையாது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு, தினமும் இரவில் உள்ளங்காலை நான் பார்த்துவிடுவேன்.

வயதானவர்களுக்கு இரண்டு நோயும் ஒரே காலில் இருக்கலாம். அதனால் மருந்துக்கடையில் நேரடியாக ஸ்டாக்கிங்ஸ் வாங்குவதற்கு முன் பாத நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், அதுவும் ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ பிறகு என்றால், தைலம் போட்டு உருவிவிடாதீர்கள். உள் சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம், அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.