கருப்பை வாய் நீளம் அளந்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள்

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். 2020இல் உலகம் முழுக்கச் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே கண்டறிய உதவும் சோதனைகளில் முக்கியமானது, கருப்பை வாயின் நீளத்தை அளக்கும் ஸ்கேன். அளவு எவ்வளவு என்று பார்ப்பதில் காட்டும் அக்கறையை, அந்த அளவைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் நாம் காட்டுவதில்லை. பண்புசார் ஆய்வு, அதாவது எண்களை அல்லாமல் மனிதர்களின் அனுபவத்தை ஆழமாகக் கேட்டறியும் ஆய்வு, தேவைப்படுவது இங்கேதான்.

முதலில் சோதனை. பெரும்பாலும் 16 முதல் 24 வாரத்துக்குள், பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்வார்கள். சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். நிறைந்திருந்தால் கருப்பை வாய் நீண்டு தெரியும். கருவியை அழுத்திப் பிடித்தாலும் அதே பிழைதான். சில நிமிடம் பொறுத்து, மூன்று முறை அளந்து, சரியாக எடுத்த அளவுகளில் குறைந்ததை எழுத வேண்டும். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பொதுவாகக் குறுகியது என்பார்கள். அப்போது இரவுதோறும் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ள 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து தருவது வழக்கம். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்குக் கருப்பை வாயில் தையல் போடுவதும் உண்டு. சில இடங்களில் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் பிறப்புறுப்புச் சுரப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் செய்கிறார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் உடலுறவு நடந்திருந்தாலோ, இரத்தக் கசிவு இருந்தாலோ அதன் முடிவை நம்ப முடியாது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது உடலுறவு பற்றிய கேள்விக்கு ஒரு பெண் உண்மையைச் சொல்வாளா? சோதனையின் துல்லியமே அவள் கூச்சமின்றிப் பேச முடிகிறதா என்பதில் தொங்குகிறது. புரோஜெஸ்டிரோனும் அப்படித்தான். மருந்து கரைந்து வெள்ளையாகக் கசியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தொற்று என்றோ மருந்து வீணாகிறது என்றோ பயந்து நிறுத்திவிடக்கூடும். கோப்பில் 'மருந்து கொடுக்கப்பட்டது' என்றுதான் இருக்கும். 'குறுகியது' என்ற சொல்லைக் கேட்டதும் தானாகவே படுக்கையோடு கிடப்பது இன்னொரு சிக்கல். படுக்கை ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுப்பதாகச் சான்று இல்லை. இரத்தக் கட்டி உருவாகும் ஆபத்தைத்தான் அது கூட்டுகிறது.

இவற்றை வெளிக்கொண்டுவர நேர்காணலில் கேள்வியின் வடிவம் முக்கியம். "ஸ்கேன் பயமாக இருந்ததா?" என்றால் ஆம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "அறைக்குள் போனதிலிருந்து வெளியே வந்தது வரை என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். பிறகு, "என்ன எண் சொன்னார்கள்? வீட்டில் அதை எப்படிச் சொன்னீர்கள்?" வீட்டில் சொன்ன வாக்கியத்தில்தான் அவர் உண்மையில் என்ன புரிந்துகொண்டார் என்பது தெரியும். கேட்பவர் அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்கக் கூடாது. மருந்தை நிறுத்தியதை அவர்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. கிளினிக்குக்குத் தவறாமல் வருபவர்களை மட்டும் பேட்டி எடுத்தால், சோதனை எல்லோருக்கும் நிம்மதி தருகிறது என்ற முடிவுதான் கிடைக்கும். வேண்டாமென்று மறுத்தவர்கள், பாதியில் வராமல் போனவர்கள், அளவு சரியாக இருந்தும் முன்கூட்டியே பிரசவித்தவர்கள், குறுகியது என்று கேட்டும் மாதம் நிறைந்து பெற்றவர்கள் எல்லோரும் வேண்டும். ஸ்கேன் எடுப்பவர்களிடமும் பேச வேண்டும். அவர்கள் முகம் சுளிப்பதைக்கூடப் பெண்கள் முடிவாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

பகுப்பாய்வில் குறைந்தது இருவர், பேட்டியின் ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று தனித்தனியாகக் குறியிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கிடைத்ததைச் சதவீதமாக மாற்றாதீர்கள். 20 பேரிடம் ஆழமாகப் பேசியது எத்தனை பேருக்கு என்று எண்ணுவதற்காக அல்ல, ஏன் என்று அறிவதற்காக.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் கட்டாயம். பேட்டியின் நடுவே நீர்க்கசிவு, இரத்தப்போக்கு, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம் என்று ஏதாவது சொன்னால், பதிவை நிறுத்திவிட்டு உடனே பிரசவப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். தொலைபேசி எண் கையிலேயே இருக்கட்டும். இரண்டாவது, பிரசவத்துக்குப் பிந்தைய பேட்டிக்காக அழைக்கும் ஒவ்வொரு முறையும் அதே நாள் காலையில் மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்து, குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே எண்ணைச் சுழற்றுங்கள்.