பனிநீர்க் குட்டைகளில் தேரைக் கணக்கு

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைமேட்டில் யோசெமிட்டி தேரையைக் கணக்கெடுக்கும் வேலையில், எப்போது போவது என்பதே பெரும்பாடு. நாட்காட்டியை நம்பினால் ஏமாற்றம்தான். பனி குறைந்த வருடம் தேரைகள் மே மாதமே இனப்பெருக்கத்துக்குக் கூடிக் கலைந்துவிடும். பனி கனத்தால் ஜூலை வரை இழுக்கும். புல்வெளியில் இன்னும் பனி கிடக்கும்போதே, ஓரத்தில் உருகித் தேங்கும் நீருக்கு ஆண்கள் வந்து ஒன்றிரண்டு வாரம் கத்திக்கொண்டிருக்கும். பெண் இரண்டு மூன்று நாளில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வருடாவருடம் வருவதும் இல்லை. குட்டையில் கண்டதை மட்டும் எண்ணி, ‘பெண் தேரை அருகிவிட்டது’ என்று அறிக்கை எழுதுவது அபத்தம். இரண்டையும் பிரித்தறிவது எளிது: ஆண் வழவழவென்று மங்கிய பச்சை, பெண்ணின் உடம்பில் வெளிர்விளிம்போடு கறுந்திட்டுகள்.

முட்டையிடும் நீர் கணுக்கால் அளவுகூட இருக்காது. ஆழம் குறைவென்பதால் வெயிலில் சட்டென்று சூடேறும். தலைப்பிரட்டை வேகமாக வளரும். முட்டை குட்டித் தேரையாக ஆறேழு வாரம் வேண்டும். அதற்குள் வற்றினால் கூண்டோடு காலி. ஆகவே ஜூனில் ஆயிரக்கணக்கில் கண்டாலும் அது நல்ல சேதி ஆகிவிடாது. கால் முளைக்கும் சமயத்தில் மறுபடி போய்ப் பார்த்தே ஆகவேண்டும். கோரஸ் தவளையின் தலைப்பிரட்டையும் அதே நீரில் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் அதன் கண்கள் தலையின் விளிம்பில் துருத்தும். தேரையினுடையது கன்னங்கரேலென்று, கண்கள் உள்ளே தள்ளி இருக்கும். காற்று நீரைக் கலைத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நீர் வடியும்போது மாட்டுக் குளம்படிப் பள்ளங்களில் தலைப்பிரட்டைகள் சிக்கி நெளிவதைப் பார்ப்பவர்கள் உடனே மேய்ச்சலைக் குறைசொல்வார்கள். ஆனால் வேலியடைத்துச் சில ஆண்டுகள் நடத்திய ஆய்வில் தெளிவான பலன் தெரியவில்லை. புல்வெளியின் ஈரமே தேரை இருப்பதை அதிகம் தீர்மானித்தது. பனி குறைவதும் வறட்சியும்தான் எனக்குப் பெரிய கவலை.

இன்னொன்று, தவளை, தேரைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை. ஒரு புல்வெளியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் பூட்ஸையும் வலையையும் முதலில் பிரஷ்ஷால் தேய்த்துச் சேறு போக்கவேண்டும். சேறு ஒட்டியிருந்தால் கிருமிநாசினி வேலை செய்யாது. பிறகு ஒரு சதவீத விர்கான் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து, குட்டைக்கு எட்டத்தில் அலசவேண்டும். பூஞ்சை தொற்றியிருக்கிறதா என்று பார்க்கத் தோலிலிருந்து மாதிரி எடுக்க ஒவ்வொரு தேரைக்கும் புதுக் கையுறை. வயிற்றின் இருபக்கம், தொடைகள், பின்பாதங்கள் என இடத்துக்கு ஐந்தாக முப்பது முறை பஞ்சுக்குச்சியால் தடவவேண்டும். பேச்சுவாக்கில் எண்ணிக்கை தவறினால் மாதிரிகளை ஒப்பிடுவது சிக்கலாகிவிடும்.

2014இல் அமெரிக்க அரசு யோசெமிட்டி தேரையை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. காப்பது என்றதும் குட்டையைச் சுற்றி மட்டும் கோடு போடப் பார்க்கிறார்கள். வளர்ந்த தேரை ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நகர்ந்து, அணில் வளையிலும் வில்லோ புதரடியிலும் பனிக்காலத்தைக் கழிக்கும். வரைபடத்தில் அந்த மேட்டுநிலமும் சேரவேண்டும்.