அவருக்கு மட்டும் காகிதக் கோப்பை

பஸ் நிலைய டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். விரல்கள் மடங்கிப்போன ஒரு பெரியவருக்கு மட்டும் காகிதக் கோப்பை. அதையும் கையில் கொடுப்பதில்லை. பெஞ்சின் ஓரத்தில் வைக்கிறார்கள். இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கி எடுத்து அவர் குடிக்கிறார்.

தொழுநோய் எப்போதோ குணமாகிவிட்டவர் அவர். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் தன்மை போய்விடும். கெட்டுப்போன நரம்புதான் பெரும்பாலும் திரும்பாது. உணர்ச்சியற்ற விரல் வெந்தாலும் தெரியாது. புண் மேல் புண்ணாகி விரலே குறுகிவிடும்.

சட்டமும் இவர்களை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீங்கியது. இந்த நோயைக் காட்டி விவாகரத்து கேட்க 2019 வரை வழி இருந்தது. குணமாகிற நோய்க்கு! நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைக்காரரிடம் கேட்டேன். "மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள் சார்" என்றார். அந்த மற்றவர்கள் நாம்தான். அங்கே டீ குடிப்பவர்கள் நாலு பேர் வாய் திறந்து சொல்லுங்கள். கைப்பிடி வைத்த கோப்பையாகக் கொடுக்கச் சொல்லுங்கள், அவருக்குக் கை சுடாது.