111-வது இடம்

நம் பள்ளி மலருக்கு எழுதச் சொன்னதும் முதலில் ஞாபகம் வந்தது, நம் பள்ளி வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் டென்னிஸ் கோர்ட்தான். நெட் நடுவில் தொங்கும், பழைய சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருப்போம். புதுப் பந்து டப்பாவைப் போட்டி நாளில் மட்டும்தான் திறப்பார்கள். மூடியை இழுத்ததும் 'புஸ்' என்ற சத்தமும் ரப்பர் வாசனையும் வரும், அதற்காகவே சுற்றி நிற்போம்.

திறப்பவன் எப்போதும் அவன்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், நம் செட்டுக்குத் தெரியும். 2008-இல் பிளஸ் டூ முடித்து நாமெல்லாம் கவுன்சலிங்குக்கு ஓடியபோது அவன் ஃபியூச்சர்ஸ் ஆடப் போனான். தொழில்முறை டென்னிஸின் அப்போதைய அடிப்படி அது. அப்போது பல போட்டிகளில் மொத்தப் பரிசே 10,000 டாலர், அதை ஆடுகிற அத்தனை பேரும் பங்கு போட வேண்டும். அங்கே பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஒரே ஒரு ரேங்கிங் பாயிண்ட். அதற்காக ஸ்லீப்பர் கோச்சில் ஊர் ஊராகப் போனான். ஒருமுறை என் ஹாஸ்டல் அறையில் தங்கினான். மட்டையின் நைந்த கிரிப்பைப் பிரித்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தான். கட்டை விரலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. நாலு வருடம் ஆடினான், அப்புறம் வீட்டில் கடன் தாங்கவில்லை.

ராம்குமார் ராமநாதனைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவன்தான். 2014 சென்னை ஓப்பனில் இந்தியாவின் முன்னணி வீரர் சோம்தேவ் தேவ்வர்மனை ஜெயித்த நம்ம சென்னைப் பையன். 2017-இல் துருக்கியின் அன்டால்யாவில், அப்போது உலகின் 8-வது இடத்தில் இருந்த டொமினிக் தீமை 6-3, 6-2 என்று தோற்கடித்தார். அடுத்த வருடம் அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியில் இறுதி வரை போய் ஸ்டீவ் ஜான்சனிடம் மூன்று செட்டில் தோற்றார், அந்த ஜூலை கடைசியில் 111-வது இடம். அதுதான் அவருடைய உச்சம்.

"நூறுக்குள்ளகூட வரலையா?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபமே வரும். உலகத்தில் 111-வது ஆள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு எந்தத் துறையில் முடியும், சொல்லுங்கள்? கிராண்ட்ஸ்லாமில் ஆடும் 128 பேரில் ரேங்கிங்கை வைத்து நேராக நுழைவது 104 பேர், அதுவும் சுமார் ஆறு வாரம் முன்பே எடுக்கிற பட்டியல். மற்றவர்களில் பெரும்பாலோர் தகுதிச் சுற்றில் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ராம்குமார் வருடா வருடம் போய் முட்டினார். 2021 விம்பிள்டன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், மார்க் போல்மன்ஸோடு, ஐந்தாவது செட் 9-11. அதை ஜெயித்திருந்தால், பிரதான சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் 48,000 பவுண்ட். ஒரு வருடப் பயணச் செலவு, பயிற்சியாளர் சம்பளம், எல்லாம் அந்த இரண்டு கேமில் போனது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே வருடம் நவம்பரில், நான் இருக்கும் இந்த பஹ்ரைன் மனாமாவில்தான் அவர், ஃபியூச்சர்ஸுக்கு அடுத்த படியான சேலஞ்சரில், முதல் ஒற்றையர் பட்டம் ஜெயித்தார். எத்தனையோ இறுதி ஆட்டங்களில் தோற்ற பிறகு, கார்லோவ்ஸ்கியை 6-1, 6-4 என்று. வேலையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, கைப்பேசியில் ஸ்கோர் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவனுக்குப் போன் போட்டேன். கோர்ட்டில் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சுட்டாருடா!"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் பந்து சுவரில் மோதுவது மட்டும் கேட்டது. அப்புறம் யாரோ ஒரு பையனிடம், "டேய், இன்னைக்குப் புது டப்பா திறடா" என்றான்.